எஃகுக் குண்டும் பழைய இரட்டைக் குழலும்: துப்பாக்கிச் சோதனை முத்திரையின் வரலாறு

மடத்துக்குளம் வட்டத்தில் கொழுமம், குமரலிங்கம் பக்கமுள்ள அமராவதிப் பாசன வயல்களிலிருந்து தெற்கே பார்த்தால் மலை தெரியும். மலைக்கு அருகில் கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் விளையும் இடங்களில் காட்டுப்பன்றித் தொல்லையும் உண்டு, பழைய துப்பாக்கியும் உண்டு. இத்தகைய ஊர்களில் உரிமம் பெற்ற துப்பாக்கி பெரும்பாலும் தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் அப்பாவிடமிருந்து மகனுக்கும் வந்ததாக இருக்கும். வாய்வழியே மருந்து இடிக்கும் ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி ஒரு வகை. நடுவில் மடித்துத் தோட்டா போடும் 12 போர் இரட்டைக் குழல் இன்னொரு வகை. இரண்டாம் வகையில் கணிசமானவை ஆங்கிலேயர் காலத்தில் கப்பலில் வந்திறங்கியவை.

இந்தத் துப்பாக்கிகள் செய்யப்பட்டபோது சிறுகுண்டு என்றால் ஈயம் என்றே பொருள். பேச்சில் ‘பால்ரஸ்’ என்று சொல்லப்படும் சிறு உருண்டைகள் இவை. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தின் இடத்தை எஃகு பிடித்துவிட்டது. எஃகிலும் சாதாரண வகை, உயர்திறன் வகை என்று இரண்டு உண்டு. உயர்திறன் எஃகுத் தோட்டாவை எந்தத் துப்பாக்கியில் போடலாம், எதில் போட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும் என்பதை அறிய இன்று உலகம் நம்புவது குழலின் அடியில் குத்தப்பட்ட ஒரு சிறு பூவை. அந்தப் பூ அங்கே வந்து சேர ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆயின.

‘12 போர்’ என்பது

துப்பாக்கியின் அளவே ஈயத்தைக் கொண்டு சொல்லப்படுவதுதான். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை சரியாக நுழையும் குழல் 12 போர். அதன் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். எண் கூடினால் குழல் சிறுக்கும். 16 போர், 20 போர் துப்பாக்கிகள் 12 போரைவிட ஒடுங்கியவை. துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது சகஜம்.

ஈயம் மென்மையானது, கனமானது, மலிவானது, எளிதில் உருகுவது. குழலின் உள்சுவரில் உரசினால் குழலுக்குச் சேதமில்லை, ஈயம்தான் தேயும். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் குழலின் வாய்ப்பகுதியைச் சற்று ஒடுக்கி, குண்டுகள் விரைவில் சிதறாமல் தொலைவு போகச் செய்யும் முறை பரவியது. இதைச் ‘சோக்’ என்பர். ஒடுக்கத்தின் வழியே நெருக்கியடித்துப் போகும்போது ஈயக் குண்டுகள் நசுங்கி இடம் கொடுக்கும். பழைய துப்பாக்கியின் வடிவமைப்பு முழுவதும் இந்த இடம்கொடுத்தலை நம்பியே இருந்தது.

ஈயத்தின் கணக்கு

ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் எடையுள்ள ஆறாம் எண் ஈயக் குண்டில் ஆங்கில அளவுப்படி சுமார் 270 உருண்டைகள் இருக்கும். பறவையின் உடலில் படுவது அதில் நாலைந்து. மீதி நீரிலும் சேற்றிலும் விழும். வாத்துகள் இரையை அரைப்பதற்காகச் சிறுகற்களை விழுங்கி இரைப்பையில் வைத்துக்கொள்பவை. சேற்றில் கிடக்கும் ஈய உருண்டையும் அவற்றுக்குக் கல்தான். அரைபடும் ஈயம் இரத்தத்தில் கலந்து, பறவை மெலிந்து, சிறகு தொங்கிச் சாகிறது.

1938 நவம்பர் 12 அன்று ராஜஸ்தானின் பரத்பூர் சதுப்பு நிலத்தில் வைசிராய் லின்லித்கோவின் வேட்டைக் குழு ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டது. அங்குள்ள கல்வெட்டே இதைப் பெருமையுடன் சொல்கிறது. ஒரு பறவைக்கு ஒரே தோட்டா என்று வைத்தாலும், தோட்டாவுக்கு 30 கிராம் என்ற கணக்கில், அன்று மட்டும் 120 கிலோவுக்கு மேல் ஈயம் வெளியேறியிருக்க வேண்டும். குறி தவறிய தோட்டாக்கள் இந்தக் கணக்கில் இல்லை. கல்வெட்டில் ஈயத்துக்கு இடமில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வு அதற்கு நூற்று நாற்பது ஆண்டுகள் முன்பே நடந்தது. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர் மக்கள் செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டனர். ஆட்சியர் லயோனல் பிளேஸ் 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதிக் கொடுத்தார். 1858இல் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. துப்பாக்கிச் சத்தத்தில் கூடு கலைந்தால் விளைச்சல் போகும் என்ற கவலை அதில் இருந்தது. ஈயத்தைப் பற்றிய அறிவு அல்ல என்றாலும், ஏரிக்குள் ஈயம் விழாமல் காத்தது அந்தக் கவலைதான்.

ஈய நஞ்சைப் பற்றி அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டது. 1959இல் இல்லினாய் மாநில ஆய்வாளர் ஃபிராங்க் பெல்ரோஸ், வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் ஆண்டுக்கு 2 முதல் 3 விழுக்காடு ஈய நஞ்சால் சாகின்றன என்று மதிப்பிட்டார். சட்டம் மெதுவாகவே வந்தது. அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை முழுமையாக நீக்கியது. இங்கிலாந்து 1999இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்துக்குத் தடை கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி 15 முதல் ஈர நிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் ஈயக் குண்டு கூடாது. இதன் பின்னரே தாத்தா காலத்துத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் குழலைத் திருப்பி, அடியில் என்ன குத்தியிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினர்.

முத்திரை பிறந்த கதை

குழல் வெடித்தால் முதலில் போவது சுடுபவரின் இடது கை. அதனால் விற்பதற்கு முன்பே குழலை வேண்டுமென்றே அளவுக்கு மீறிய மருந்தால் சுட்டுப் பார்க்கும் வழக்கம் வந்தது. தாங்கினால் முத்திரை, தாங்காவிட்டால் கழிவு. லண்டன் துப்பாக்கிச் செய்வோர் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. இன்றைய பெல்ஜியத்திலுள்ள லியேஜ் நகரில் 1672இல் இதற்கான ஆணை பிறந்தது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. சோதனை செய்யாத குழலை விற்பது இங்கிலாந்தில் குற்றமானது. இன்றும் அங்கு நடைமுறையில் இருப்பது 1868ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

முத்திரைகளைப் படிப்பது ஒரு தனிக் கலை. லண்டன் சங்கத்தின் முத்திரையில் முடியின் கீழ் ஜி, பி என்ற எழுத்துகள் பின்னியிருக்கும். பர்மிங்காம் 1904 வரை முடியின் கீழ் குறுக்கிட்ட செங்கோல்களைக் குத்தியது. பிறகு முடியுடன் பி.பி., பி.வி. என்ற எழுத்துகள் வந்தன. முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்றிருந்தால் லியேஜ். 1875 முதல் சில ஆண்டுகள் சோக் உள்ள குழல்களில் ‘உருண்டைக்கு ஆகாது’ என்ற பொருளில் ஆங்கில வாசகம் பொறிக்கப்பட்டது. ஒடுங்கிய வாயில் முழு ஈய உருண்டை சிக்கிக்கொள்ளும் என்பதே காரணம். குழலின் வாய்க்குப் பெரிய கடினப் பொருளை அதன் வழியே செலுத்தாதே என்ற அந்த எச்சரிக்கை, நூறாண்டு கழித்து எஃகுக்கு எழுதப்படவிருந்த விதியின் முன்னோடி.

அடுத்த மாற்றம் மருந்தில் வந்தது. கரிமருந்தின் இடத்தைப் புகையில்லா நைட்ரோ மருந்து பிடித்தது. கரிமருந்துக்குத் தாங்கிய குழல் நைட்ரோவுக்குத் தாங்கும் என்பதற்கு உறுதி இல்லை. எனவே நைட்ரோ சோதனை தனியாக வந்தது. பர்மிங்காமில் 1954க்குப் பின் பி.என்.பி. என்ற முடி முத்திரை இதைக் குறிக்கிறது. அதே ஆண்டு விதிகளின்படி சதுர அங்குலத்துக்கு 3 டன், 3¼ டன், 4 டன் என்று தாங்கும் அழுத்தமும் குழலில் எழுதப்பட்டது. இந்த ‘டன்’ எண்ணை வீட்டில் கணக்குப் போட்டு இன்றைய ‘பார்’ அலகுக்கு மாற்றுவது ஆபத்தான விளையாட்டு. அன்று உலோகத் துண்டு எவ்வளவு நசுங்கியது என்பதைக் கொண்டு அழுத்தம் அளந்தனர், இன்று மின் உணர்கருவியால் அளக்கின்றனர். ஒரே தோட்டாவுக்கு இரு முறைகளும் இரு வேறு எண்கள் தரும்.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு முத்திரை என்ற குழப்பத்தைத் தீர்க்க 1914இல் லியேஜில் பன்னாட்டு நிரந்தர ஆணையம் அமைந்தது. சி.ஐ.பி. என்ற பிரெஞ்சுச் சுருக்கத்தால் அது அறியப்படுகிறது. இங்கிலாந்து 1980இல் அதில் சேர்ந்தது.

லில்லிப்பூ

எஃகின் அடர்த்தி சுமார் 7.8, ஈயத்தின் அடர்த்தி 11.3. அதே பருமனுள்ள எஃகு உருண்டை ஈயத்தில் எழுபது விழுக்காடு எடைதான் இருக்கும். இலகுவான பொருள் காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். இதை ஈடுகட்ட இரண்டே வழிகள்: பெரிய உருண்டை, கூடுதல் வேகம். கூடுதல் வேகத்துக்குக் கூடுதல் அழுத்தம் தேவை. மென்மையான இரும்பில் செய்தாலும் எஃகுக் குண்டு ஈயம்போல் நசுங்காது. சோக்கை அடையும்போது குண்டுகள் ஒன்றையொன்று தாங்கிப் பாலம்போல் நின்று குழலை வெளிப்புறமாகத் தள்ளும். மெல்லிய சுவருள்ள பழைய குழலில் வாயருகே மோதிரம் போட்டதுபோல் வீக்கம் தோன்றுவது இதனால்தான். எஃகுத் தோட்டாவுக்குள் தடித்த நெகிழிக் கிண்ணம் வைப்பது குண்டு குழலின் சுவரில் உரசாமல் இருக்க உதவும். பாலம் போடுவதை அது தடுக்காது.

சி.ஐ.பி. விதிப்படி 12 போர் சாதாரண எஃகுத் தோட்டாவின் உச்ச அழுத்தம் 740 பார். உயர்திறன் எஃகுக்கு 1,050 பார். கார் டயரில் இருப்பது ஏறத்தாழ 2 பார் என்பதை நினைத்தால் அளவு புரியும். உயர்திறன் எஃகுக்குத் தகுதி பெற, துப்பாக்கி 1,370 பார் அளவிலான சோதனையைத் தாங்க வேண்டும். தாங்கிய குழலில் லில்லிப்பூ வடிவ முத்திரை குத்தப்படும். பிரெஞ்சு அரசர்களின் கொடியில் இருந்த அதே மூவிதழ்ப் பூ. அத்துடன் எஃகுக் குண்டுக்கு உரியது என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். பூ இருந்தாலும் நிபந்தனை உண்டு. 4 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட எஃகுக் குண்டானால் சோக் பாதி அளவைத் தாண்டக்கூடாது.

பழைய துப்பாக்கியைப் பார்க்கும் முறை

முதலில் துப்பாக்கி காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்ய வேண்டும். பிறகு குழலைக் கட்டையிலிருந்து கழற்றித் தோட்டா அறையின் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். முத்திரைகள் அங்கேதான் இருக்கும். லில்லிப்பூ இல்லாவிட்டால் உயர்திறன் எஃகு அந்தத் துப்பாக்கிக்கு இல்லை, விஷயம் அங்கேயே முடிந்தது. ‘மேக்னம்’ என்று மேலே எழுதியிருக்கிறதே, தடிப்பாக இருக்கிறதே, இதுவரை எதுவும் ஆகவில்லையே என்பவை சான்றாகா.

அடுத்து அறையின் நீளம். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் 2½ அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டாக்கள் 70 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல். ஏமாற்றுவது என்னவென்றால், 70 மில்லிமீட்டர் தோட்டா 65 அறைக்குள் தடையின்றி நுழைந்துவிடும். தோட்டாவில் எழுதிய நீளம் சுட்ட பிறகு விரிந்த நீளம். மடிந்த வாயுடன் இருக்கும்போது அது குட்டையாகவே இருக்கும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் குழலின் ஒடுக்கத்துக்குள் மடங்கி நிற்க, அழுத்தம் எகிறும். ‘நுழைகிறது, எனவே பொருந்துகிறது’ என்று நம்பிச் சுடுவது ஈயத் தோட்டாவிலேயே அபாயம். 1925க்கு முந்தைய ஆங்கிலக் குழல்களில் அறை நீளம் அங்குலத்தில் எழுதப்படுவதில்லை என்பதால் அளந்தே அறிய வேண்டும்.

குழலின் மேல் அலையலையான கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி, உருளையில் சுற்றி, பற்றவைத்து அடித்தது. இதில் எந்த எஃகுக் குண்டும் கூடாது. பெயரைக் கேட்டு இதை நம் பழைய உருக்கோடு சேர்த்துப் பேசுவோர் உண்டு. நொய்யல் கரையில் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்தன. மூசையில் உருக்கிய தென்னிந்திய எஃகு வாள்களாகி டமாஸ்கஸ் பெயரோடு புகழ் பெற்றது. துப்பாக்கிக் குழலின் கோலம் பட்டைகளைச் சேர்த்தடித்ததால் வந்தது. இரண்டுக்கும் பெயர் மட்டுமே பொது.

குழல் மேட்டில் மதராஸ் கடையின் பெயர் பொறித்திருப்பதும் சான்று அல்ல. பி.ஆர் அண்ட் சன்ஸ் போன்ற மதராஸ் நிறுவனங்கள் கடிகாரம், நகையோடு துப்பாக்கியும் விற்றன. மேலே இருப்பது விற்றவர் பெயர். குழலின் தாங்குதிறனைச் சொல்வது அடியில் உள்ள முத்திரை மட்டுமே. அந்த முத்திரையும் அது குத்தப்பட்ட நாளின் நிலையைத்தான் சொல்லும். அதன்பின் துரு சுரண்டப்பட்டிருக்கலாம், உட்புறம் தேய்த்து மெருகிடப்பட்டிருக்கலாம். சுவரின் தடிமனை உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியர் உரிய அளவுகோலால் அளந்தால்தான் தெரியும்.

இந்தியச் சட்டமும் கொங்குப் பகுதியும்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 5ஆம் பிரிவு, துப்பாக்கியைச் செய்வது, விற்பது, பழுது பார்ப்பதுடன், சோதிப்பதையும் உரிமம் இன்றிச் செய்யக்கூடாத தொழில்களில் சேர்த்திருக்கிறது. ‘மரத்தில் கட்டிவைத்துக் கயிற்றால் இழுத்துச் சுட்டுப் பார்ப்பது’ என்ற நாட்டு முறை குழலுக்கும் கெடுதல், சட்டத்துக்கும் பொருந்தாது. ஒரு முறை தாங்கிய குழலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து அடுத்த முறை வெடிக்கலாம். சோதனைச் சாலையில் சுட்ட பிறகு குழலை மீண்டும் அளந்து பார்ப்பது இதற்காகத்தான்.

அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு விவசாயியை நேரடியாகக் குறிப்பிடுகிறது. தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் 20 அங்குலத்துக்குக் குறையாத வழுவழுப்பான குழல் துப்பாக்கி, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கி என்று அது பிரிக்கிறது. எனவே நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு உயர்திறன் எஃகுத் தோட்டா பற்றிய கேள்வி இந்த வடிவில் எழாது. ஆனால் ஈயம் கிடைக்காதபோது சைக்கிள் பேரிங்கில் உள்ள எஃகு உருண்டைகளைக் கழற்றி இடித்துப் போடும் யோசனை யாருக்கேனும் வந்தால், மேலே சொன்ன விஷயம் முழுவதும் அவருக்குப் பொருந்தும். பேரிங் உருண்டை வேட்டைத் தோட்டாவின் மென் எஃகைவிடப் பல மடங்கு கடினமானது. காப்பதற்குக் கிண்ணமும் இல்லை.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. அதன் 34ஆம் பிரிவின்படி சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிக்கும் உரிமதாரர் தம் துப்பாக்கியை வனத்துறையிலும் பதிய வேண்டும். அந்த எல்லைக்குள் புதிய உரிமம் வழங்கத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் இசைவு வேண்டும். ஆனைமலைச் சரணாலயத்தை ஒட்டிய ஊர்களுக்கு இது பொருந்தும். வேட்டை நின்றதால் ஈயத்துக்குத் தனித் தடை பற்றிய விவாதம் இங்கே எழவில்லை. அரசு வெடிபொருள் ஆலையில் செய்யப்படும் ‘சக்திமான் எக்ஸ்பிரஸ்’ 12 போர் தோட்டாக்கள் ஈயக் குண்டு கொண்டவையே. ஆகவே, வெளிநாட்டிலிருந்து எப்படியோ வந்து சேரும் ஓர் எஃகுத் தோட்டாவை இங்குள்ளவர் அடையாளம் காணாமல் பழைய குழலில் போட்டுவிட வாய்ப்பு அதிகம். தோட்டாவின் உறையிலும் பெட்டியிலும் குண்டின் பொருள், அறை நீளம், எந்தச் சோதனை முத்திரை வேண்டும் என்பவை அச்சிடப்பட்டிருக்கும். எழுத்து அழிந்த தோட்டாவைச் சுடாமல் ஒப்படைப்பதே முறை.

2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றி தொடர்பாக ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் பயிற்சி பெற்ற வனப் பணியாளர்கள் சுடலாம். சுடும் பொறுப்பு விவசாயியின் கையிலிருந்து வனத்துறைக்குப் போயிருக்கிறது.

திருப்பூர் மாவட்டத்தின் மறுமுனையில் நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024இல் ராம்சர் ஈர நிலமாகவும் அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வாத்துகள் தென்னிந்தியக் குளங்களை அடையும் முன் பல நாடுகளின் சேற்றைக் கிளறிவிட்டு வருகின்றன. வழியில் விழுங்கிய ஈயம் அவற்றோடு வரும்.

விளையாட்டில் இன்னும் ஈயமே நடைமுறை. ஒலிம்பிக் டிராப், ஸ்கீட் போட்டிகளில் தோட்டாவுக்கு 24 கிராம் என்ற அளவில் சிறு ஈயக் குண்டுகளே சுடப்படுகின்றன. புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் கலந்துகொண்டார். போட்டித் துப்பாக்கிகளில் சோக் இறுக்கமாக இருப்பது வழக்கம். ஈயம் விலக்கப்படும் நாளில் அந்தக் குழல்களையும் கழற்றி அடியில் பூ இருக்கிறதா என்று பார்க்க வேண்டிவரும்.